படி விழாத கோடு

எங்க அக்கா ஒரு பொருளைப் பார்க்க ஆரம்பிச்சாங்கன்னா அடுப்புல பால் பொங்கும், இட்லிப் பானை அடி கருகும், வாசல்ல வந்தவங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்த் திரும்பிடுவாங்க. அக்கான்னா கூடப் பிறந்தவங்க இல்ல. ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். ஆரணில பட்டுப் புடவைக்கு டிசைன் போடற ஒரு வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் மருமகளா வந்தோம். அவங்க முன்னால வந்தாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு நான் வந்தேன். பேரு வேணாம். இப்போ வந்தவாசில நல்லாத்தான் இருக்காங்க. பேரைப் போட்டா, "எனக்கு எதுக்குடி இந்த விளம்பரம்"னு சண்டைக்கு வருவாங்க.

என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே அவங்க குணம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கூட்டமே என்னைப் பார்த்துகினு இருக்குது. இவங்க மட்டும் எங்க வீட்டுப் பித்தளைச் சொம்பைப் பார்த்துகினு இருந்தாங்க. நான் காபித் தட்டை நீட்டிகினு நிக்கறேன், எடுக்கவே காணோம். கை வலிச்சுப்போய், "எடுத்துக்கோங்க"ன்னேன். "இரு இரு, ஆடாம நில்லு. உன் முகம் சொம்புல தெரியுது, சொரக்கா மாதிரி நீளமா"ன்னாங்க. சரியான கழண்ட கேசுடா சாமின்னு நினைச்சுகினேன். அப்பால அந்தச் சொம்பு சீர்வரிசையோட எங்கூடவே வந்துச்சு. அதைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

பார்க்காததை வரைய மாட்டேன்னு ஒரு பிடிவாதம் அவங்களுக்கு. எங்க வீட்டுக்கு டிசைன் கேட்டு வர்ற ஜவுளிக்கடை முதலாளிங்களுக்கு அது பெரிய பேஜாரு. ஒருத்தர் வந்து, "முந்தில ஜோடி அன்னம் போட்டுக் குடும்மா"ன்னாரு.

"அன்னத்தை எங்கங்க பார்க்கலாம்?"

"அதை யாரும்மா பார்த்தா? சும்மா போடறதுதான்."

"பார்க்காம எப்படிங்க போடறது?"

உள்ளேருந்து எங்க மாமியார் கத்தினாங்க. "இவ கேக்கறதைப் பாரு! சாமி படம் போடச் சொன்னா சாமிய இட்டாரச் சொல்லுவா போலகீது!"

கடைசில என் மூத்தார், அதான் அக்கா வீட்டுக்காரர், மொபெட்ல உட்கார வச்சு ஏரிக்கரைக்குக் கூட்டிகினு போனாரு. அங்க வாத்துதான் இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னு வாத்தைப் பார்த்துட்டு, மூஞ்சி செவந்துபோய் வந்து, அன்னம் போட்டாங்க. முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கொஞ்சம் வாத்து மாதிரி கீதேம்மா"ன்னாரு. ஆனா புடவை நல்லா ஓடிச்சு. அந்த வருஷம் எத்தனையோ கல்யாணப் பொண்ணுங்க முதுகுல எங்க ஏரி வாத்து நடந்து போச்சு, ஒருத்திக்கும் தெரியாது.

யாளின்னா கோயில் தூணைப் பார்க்கணும்பாங்க. ருத்திராட்சம்னா யார் கழுத்துல கிடக்குதோ அவரைக் கூட்டிகினு வரணும்பாங்க. ஒரு தபா யானை போடச் சொன்னப்பவும் கிளம்பி நின்னாங்க. "யானைகூடவா பார்த்ததில்ல?"ன்னு கேட்டேன். "பார்த்தேன். பின்பக்கம் மறந்துபோச்சு"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. வெளிய போறதுக்கு இது நல்ல சாக்குதான்னும் தோணுச்சு. நான் காய்கறிக்குன்னு சொல்லிட்டு கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருவேன். அவங்களுக்கு அதுவும் இல்ல. காலைல காபி குடிச்சிட்டு முன்ரூம் ஜன்னலோரம் சாய்வு மேஜைல உட்கார்ந்தா, சாயந்தரம் வெளிச்சம் போற வரைக்கும் கிராஃப்தான்.

கிராஃப்னா சின்னச் சின்னக் கட்டம் போட்ட பெரிய தாள். முதல்ல பென்சில்ல மயிலோ மாங்காயோ வரைஞ்சு, அப்பால அதைக் கட்டத்துக்குள்ள உட்கார வைக்கணும். மயில் கழுத்து எவ்வளவு வளைஞ்சாலும் தாள்ல ஒரு கட்டம் மேல, ரெண்டு கட்டம் பக்கம், ஒரு கட்டம் மேலன்னுதான் ஏறும். அதைத்தான் அக்கா படி விழறதும்பாங்க. படம் விழற கட்டத்துக்கெல்லாம் அக்கா செவப்பு அடிப்பாங்க, அந்தக் கட்டத்துக்கெல்லாம் அட்டை அடிக்கிறவர் அட்டைல ஓட்டை போடுவாரு. அந்த அட்டைங்களைத் தறி மேல மாட்டினா, ஓட்டை சொல்றபடி இழை எழும்பி, புடவைல மயில் வந்துடும். புடவையைத் தூர நின்னு பார்த்தா படியெல்லாம் தெரியாது, கழுத்து வழவழன்னு இருக்கும். ஆனா தாள்ல ஒரே ஒரு கட்டம் தப்பினாலும் நெய்யற அத்தனை புடவைலயும் அதே இடத்துல அதே தப்பு. அதனால அக்கா மூச்சைப் பிடிச்சுகினு கட்டம் அடிப்பாங்க. வலது கை விரலெல்லாம் எப்பவும் செவப்பா இருக்கும். அவங்க ஜன்னலுக்கும் சதுரச் சதுரமா கம்பி. "பாரேன், தெருவைக்கூட எனக்கு கிராஃப் போட்டுத்தான் குடுத்திருக்காங்க"ன்னு ஒரு நாள் சிரிச்சாங்க.

அவங்க இந்த வீட்டுக்கு வந்ததே அந்தக் கையாலதான். மாமனாருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்போ, படம் போடத் தெரிஞ்ச பொண்ணா தேடினாங்களாம். படவேட்டுப் பக்கம் ஒரு பொண்ணு அரசாங்க டிராயிங் பரீட்சைல லோயர் பாஸ் பண்ணிட்டு ஹையருக்குப் படிக்குதுன்னு கேள்விப்பட்டு ஓடினாங்க. ஹையரும் பாஸ் பண்ணி, டிரெய்னிங்கும் முடிச்சா ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் ஆகலாம். அவங்க ஆசை அதுதான். "நாங்களே பரீட்சை எழுத வைக்கிறோம்"னு மாமனார் வாக்குக் குடுத்துக் கட்டிகினு வந்தாரு. தாலிக்கயித்து மஞ்சள் காயறதுக்குள்ள கைல பிரஷ்ஷைக் குடுத்து மேஜைல உட்கார வச்சுட்டாங்க. பரீட்சைப் பேச்சை எடுத்தா மட்டும், இந்த முகூர்த்தம் முடியட்டும், அடுத்த முகூர்த்தம் முடியட்டும். நம்ம ஊர்ல முகூர்த்தம் எப்பங்க முடியுது?

மத்தியானம் சாப்பாடு ஆனதும் மாமியார் வாயைத் திறந்துகினு தூங்குவாங்க. அந்த அரை மணி நேரம் அக்காவோடது. கூடத்துல உட்கார்ந்து, கட்டம் இல்லாத வெள்ளைத் தாளை எடுப்பாங்க. ஒரு எலுமிச்சம்பழத்தைத் தட்டுல வச்சு ஒரு மாசமா வரைஞ்சாங்க. அது வதங்கி, சுருங்கி, கறுத்தும் போச்சு, விடல. முதல் வாரம் பழத்தை மஞ்சளா அடிச்சிருந்தாங்க, அவ்வளவுதான். ஒரு நாள் என்னைக் கையைப் பிடிச்சு இஸ்துகினு போய்க் காட்டினாங்க. "பழத்துக்குக் கீழ தட்டைப் பாரு. அங்கயும் கொஞ்சம் மஞ்சள் விழுந்திருக்குது பாரு. இத்தினி நாளா அங்கயேதான்டி இருந்திருக்குது, என் கண்ணுல படல!" லாட்டரி விழுந்தவங்க மாதிரி குதிச்சாங்க. எனக்குத் தட்டுதான் தெரிஞ்சுது. அடுத்து வச்ச பழத்தை நான் தெரியாம ரசத்துல பிழிஞ்சுட்டேன். சோத்துல ரசத்தை ஊத்திகினு ஒரு வாய் வச்சவங்க, "இது என்னோட பழம்"னாங்க. அன்னிக்குப் பூராவும் எங்கூடப் பேசல.

வரைய முடியாததையெல்லாம் எழுதுவாங்க. கெட்டுப்போன கிராஃப் தாளுக்குப் பின்பக்கம்தான் அவங்க நோட்டு. நான் அரிசில கல்லு பொறுக்கிகினு இருக்கும்போது படிச்சுக் காட்டுவாங்க. "பால் பொங்கறதுக்கு முன்னால ஒரு சத்தம் வருது, தூரத்துல யாரோ கோணியை இழுக்கற மாதிரி"ன்னு ஒரு நாள் படிச்சாங்க.

"அது தெரிஞ்சும் ஏன்க்கா பாலைப் பொங்க வுட்டீங்க?"

"எழுதிகினு இருந்தேன்."

எங்க தெருவுக்கு வர்ற கீரைக்காரம்மாவைப் பத்தி ஒரு கதை எழுதினாங்க. முதல்ல, 'ஒரு ஏழைக் கீரைக்காரி வந்தாள்'னு ஆரம்பிச்சிருந்துச்சு. எனக்குப் பிடிச்சுது, நல்லா சோகமா வரும்னு நினைச்சேன். மறுவாரம் பார்த்தா அதை அடிச்சுட்டாங்க. 'கூடையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு எங்கள் வாசலில்தான் மாற்றுவாள்'னு இருந்துச்சு.

"ஏழைங்கறதை ஏன்க்கா எடுத்தீங்க?"

"ஏழைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கலயே. இடுப்பு மாத்தறதைத்தான் பார்த்தேன்."

"கதைன்னா ஏதாச்சும் நடக்கணும்க்கா."

"இடுப்பை மாத்தினாளே, அது நடக்கலையா?"

இவங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா! ஆனா ஒண்ணு. அதுக்கப்பறம் அந்தம்மா வந்தா என் கண்ணு தானா அந்த இடுப்புக்குத்தான் போச்சு. அந்தம்மா எங்க வாசல்ல நின்னு, மூச்சு விட்டு, கூடையை மாத்தறதைப் பார்த்தா எனக்கு இடுப்பு வலிக்கும்.

எனக்குக் கல்யாணமாகி மறுவருஷம் ஒருவழியா அக்காவை ஹையர் எழுத அனுப்பினாங்க. பரீட்சை வேலூர்ல. மூத்தார்தான் பஸ்ல கூட்டிகினு போனாரு. நான் புளிசாதம் கட்டிக் குடுத்தேன். சாயந்தரம் திரும்பி வந்தவங்க நேரா சமையக்கட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சாங்க. "எப்படிக்கா?"ன்னேன். சிரிச்சுகினேதான் சொன்னாங்க.

"எதிர்ல பூ ஜாடி வச்சாங்கடி. நல்லா பார்த்தேன். எல்லாம் தெரிஞ்சுது. பென்சிலை வச்சா கை நகரல. வெள்ளைத் தாள்ல எங்க நிக்கறோம்னே தெரியல. கிணத்துல எட்டிப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

"அப்பால இன்னா பண்ணீங்க?"

"ஹால் டிக்கெட் விளிம்பை வச்சு மெல்லிசா கட்டம் போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது கையால மட்டும் வரையற பரீட்சை. ஸ்கேலு, கட்டம் எதுவும் கூடாதுன்னு எங்களுக்கே தெரியும், அவங்கதான் நூறு தபா சொல்லியிருக்காங்க. மேற்பார்வைக்கு வந்தவர் பார்த்துட்டு, "என்னம்மா இது"ன்னு தாளை வாங்கிகினு, போனாப் போகுதுன்னு வேற தாள் குடுத்திருக்காரு. அதுல கட்டம் போடாம வரைஞ்சாங்களாம். வரைஞ்சு முடிச்சுப் பார்த்தா, ஜாடி வயிறு ஒண்ணு மேல, ரெண்டு பக்கம், ஒண்ணு மேலன்னு ஏறியிருக்குது. கட்டமே இல்லாத தாள்ல படி. மேற்பார்வைக்காரர் பக்கத்து ரூம்ல இருந்தவரைக் கூப்பிட்டு, "பாருங்க சார், பூ ஜாடிக்குப் படிக்கட்டு வச்சிருக்காங்க"ன்னு காட்டினாராம்.

அவங்க சொன்ன தினுசுல நானும் சிரிச்சுட்டேன். அப்பால பார்த்தா, வலது கையை இடது கையால பிடிச்சுகினு குழாயடில நீட்டி நின்னாங்க. தண்ணி ஓடிகினே இருந்துச்சு. "இது என் கை இல்லடி. இந்த வீட்டுக் கை"ன்னாங்க.

அதுக்கப்பறம் மூணு வருஷம் அவங்க பண்ணதெல்லாம் ஒரே வேலைதான், படியை உதிர்க்கறது. தோசை இனிமே நான்தான் சுடுவேன்னு கரண்டியைப் பிடுங்கிகினாங்க. கல்லுல மாவை ஊத்தி, ஒரே இழுப்புல வட்டம். திரும்ப வட்டம். எங்க வீட்ல எல்லாரும் பசிக்கு மேல தோசை தின்னது அந்தக் காலத்துலதான். கோலம் போட்டா புள்ளி வைக்க மாட்டாங்க, புள்ளியும் கட்டம் மாதிரிதானாம். கண்ணை மூடிகினு மாவை விட்டுகினே போவாங்க. மாமியார் வாசலுக்கு வந்து தலைல அடிச்சுகினாங்க. "இன்னாடி கோலம் இது, மாடு நடந்துகினே மூத்திரம் வுட்டாப்பல?"

ஆனா காலைல உதிர்த்த படியை பகல் பூரா மேஜைல உட்கார்ந்து அவங்களேதான் திரும்பக் கட்டிகினாங்க. வேற வழி? ஒரு தபா அது தலைகீழாவும் ஆச்சு. கை கொஞ்சம் இளகிப்போய், கிராஃப்ல மயில் கழுத்து கட்டத்துக்கு நடுவுலயே வளைஞ்சு போயிடுச்சு. அட்டை அடிக்கிறவர் தாளைத் தூக்கிகினு வந்து, "இது எந்தக் கட்டத்துலயும் உட்காரலையேம்மா"ன்னாரு. வீட்ல ரணகளம். "ரெண்டுல ஒண்ணுதான் ஒரு கைக்கு வரும். பரீட்சை கிரீட்சைன்னு இனிமே யாரும் இந்த வீட்ல பேசக் கூடாது"ன்னு மாமனார் சொல்லிட்டாரு. வாக்குக் குடுத்த அதே வாய்.

அதனால ரெண்டாம் தபா யாருக்கும் தெரியாம பணம் கட்டினாங்க. மூத்தாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஹால் டிக்கெட் தபால்ல வரும், மத்தியானம் வரும். "நீ வாசல்ல நின்னு வாங்கி வச்சுடு, அத்தை கண்ணுல படக் கூடாது. உன்னை நம்பித்தான் இருக்கேன்"னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாங்க.

நான் அப்போ ஆறு மாசம், தலைச்சன் புள்ள. கால் வீங்கிக் கிடப்பேன். அவங்கதான் எனக்கு வெந்நீர் வச்சு ஊத்துவாங்க. அந்த வாரம் வரைஞ்ச தாளையெல்லாம் எங்கிட்ட காட்டி, "பாரு, முன்னெல்லாம் ஒரு கோட்டுல நாலஞ்சு படி விழும். இப்போ ஒண்ணோ ரெண்டோதான்"னாங்க. அப்பால எங்கயோ பார்த்துகினு பேசினாங்க. "பாஸ் ஆச்சுன்னா ஒரு வருஷம் டிரெய்னிங். அப்பால எந்த ஊர்ல வேலையோ, அவரும் அங்கயே வந்துடறேன்னு சொல்லியிருக்காரு. பெரிய ஜன்னல் வச்ச ஸ்கூலா இருந்தா போதும்."

"அப்போ நானு?"ன்னேன்.

"நீ எதுக்குடி?"ன்னாங்க. அவ்வளவுதான். அவங்க ஒண்ணும் தப்பா சொல்லல. நான் எதுக்கு அங்க? ஆனா எனக்கு அன்னிலேர்ந்து சோறு இறங்கல. இவங்க போயிட்டா இந்த வீட்ல நான் மட்டும். மாமியார், மாமனார், வாயே திறக்காத என் வீட்டுக்காரர், காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேச்சு, திட்டு, கைல ஒரு குழந்தை. சிரிக்கறதுக்கு ஒரு ஆள் கிடையாது. வெளிய போக வழி அவங்க கைல இருந்துச்சு. எனக்குக் கோலம் போட்டாலே கோணும், நான் எந்தப் பரீட்சை எழுதித் தப்பிக்கறது?

தபால்காரர் வந்தாரு. பழுப்புக் கவர். மாமியார் தூங்கறாங்க. அக்கா கூடத்துல சமையக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் சீர்வரிசைல வந்த அந்தப் பித்தளைச் சொம்பை எதிர்ல வச்சு வரைஞ்சுகினு இருக்காங்க. அவங்க ஒண்ணைப் பார்க்க ஆரம்பிச்சா இடி விழுந்தாலும் தெரியாதே. நான் பூனை மாதிரி அவங்களைத் தாண்டிப் போய், சமையக்கட்டுல அரிசி டிரம்மைத் திறந்து, கையை முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, கவரை அடியில சொருகிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவங்க முதுகு அசையல.

"தபால் வந்துச்சா?"ன்னு தினமும் கேட்டாங்க. "வரலக்கா"ன்னு தினமும் சொன்னேன். ஒவ்வொரு தபாவும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. எலுமிச்சம்பழத்தைப் பார்க்கற மாதிரியே. மூத்தார், "வா, வேலூருக்கே போய்க் கேட்போம், வேற டிக்கெட் குடுப்பாங்க"ன்னு கூப்பிட்டாரு. "வேணாங்க, இந்த வருஷம் போகட்டும்"னுட்டாங்க. பரீட்சை அன்னிக்குக் காலைல குளிச்சுட்டு வந்து, மேஜைல உட்கார்ந்து, ஒரு மாங்காய் பார்டருக்குக் கட்டம் அடிச்சாங்க. நான் அந்தக் கவரை அரிசிக்குள்ளேர்ந்து எடுத்து அடுப்புல போட்டேன். அடுத்த வருஷம் எழுதுவாங்கன்னு என்னை நானே சமாதானம் பண்ணிகினேன். எழுதல. அடுத்த வருஷமும் எழுதல, அதுக்கடுத்த வருஷமும் எழுதல. நான் பாவிங்க, வேற இன்னா சொல்றது?

என் பிரசவத்துக்கு ராவும் பகலும் ஆஸ்பத்திரில இருந்தவங்க அவங்கதான். பத்தியச் சோறு அந்தக் கையாலதான் தின்னேன். என் பொண்ணைத் தவழறப்ப, தூங்கறப்ப, மூக்கு ஒழுகறப்பன்னு அவ்வளவு படம் வரைஞ்சாங்க. என்னை மட்டும் அதுக்கப்பறம் அவங்க வரையவே இல்ல. ஒரு நாள் கேட்டேன். "உன்னை ஏற்கெனவே வரைஞ்சாச்சு"ன்னாங்க. நான் புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுகினு உள்ள போயிட்டேன்.

மாமனார் போனதும் வீடு ரெண்டாச்சு. டிசைனெல்லாம் கம்ப்யூட்டர்ல போட ஆரம்பிச்சிருந்தாங்க. மூத்தார் வந்தவாசில கடை வச்சாரு, அக்காவும் போனாங்க. போறப்ப, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுகினு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துட்டு, "சரி வரேன்டி"ன்னாங்க. அப்பறம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன்ல பேசிக்கிறதுதான். குழம்பு, மூட்டு வலி, என் பொண்ணு படிப்பு. அதைத் தவிர வேற எதுவும் பேசறதில்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு பரண்ல கிடந்த பழைய கிராஃப் கட்டையெல்லாம் இறக்கிப் பிரிச்சுகினு இருந்தேன், கரையான் பிடிக்குதுன்னு. மாங்காய் பார்டர் கட்டுக்கு நடுவுல நாலா மடிச்ச ஒரு வெள்ளைத் தாள். பிரிச்சேன். பித்தளைச் சொம்பு. வேற ஒண்ணுமில்ல, தாள் நிறைய ஒரு சொம்பு. அவ்வளவு அழகா இருந்துச்சு, தொட்டா ஜில்லுன்னு இருக்கும்போல. அப்பால அதோட வயித்துல ஏதோ தெரிஞ்சுது. வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். சமையக்கட்டு வாசப்படி. உள்ள, சொரக்கா மாதிரி நீளமா, வயித்தைத் தள்ளிகினு ஒரு பொம்பளை. ஒரு கை அரிசி டிரம்முக்குள்ள முழங்கை வரைக்கும் இருக்குது. முகம் மட்டும் திரும்பி இந்தப் பக்கம் பார்க்குது.

பார்க்காததை அவங்க வரைய மாட்டாங்க.

தாளைத் திருப்பினா பின்பக்கம் அவங்க எழுத்து.

'தபாலை அரிசிக்குள் வைக்கிறாள். சொம்பில் தெரிந்தது. அவள் குளிக்கப் போனபோது கையை விட்டுப் பார்த்தேன். இருக்கிறது. எடுக்கவில்லை. போன தடவை மாதிரி படி விழுந்துவிட்டால் என்ன செய்வேன். எடுக்காவிட்டால், டிக்கெட் வரவில்லை என்று இருந்துவிடலாம். திரும்ப மூடி வைத்தேன்.'

அவ்வளவுதான் இருந்துச்சு. துரோகின்னு ஒரு வார்த்தை இல்ல, பாவின்னு இல்ல. அதையெல்லாம் அவங்க பார்க்கல போல. நான் சத்தம் போட்டு அழுதேன். பொண்ணு பயந்துபோய் ஓடி வந்து, "இன்னாம்மா"ன்னா. கண்ணுல தூசின்னேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்ல. போன் போட்டேன்.

"இன்னாடி, இந்த நேரத்துல?"

"அக்கா, பரண்ல ஒரு படம் கிடைச்சுது."

"எந்தப் படம்?"

"பித்தளைச் சொம்பு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிச்சுது. ஒண்ணு, ரெண்டு. நான் அழுதுகினே ஆரம்பிச்சேன், "அக்கா, நான் அன்னிக்கு..."

"அது கெடக்குது வுடு. நான் கேக்கறதுக்குச் சொல்லு. அந்தச் சொம்போட வயிறு வளைஞ்சு கீழ இறங்குது பாரு, வலது பக்கம். அந்தக் கோட்டுல படி விழுந்திருக்குதா?"

ஜன்னல் பக்கம் தாளைக் கொண்டு போனேன். கண்ணைத் துடைச்சுகினு, விரலை வச்சுத் தடவிகினே வந்தேன்.

"இல்லக்கா."

"நல்லா பாரு. கழுத்துக்குக் கீழ ஆரம்பிக்குற இடம்."

"இல்லக்கா. ஒரு இடத்துலகூட இல்ல. தோசை மாதிரி ஒரே இழுப்பு."

"நெஜமாவா? வரைஞ்சு, பின்னால எழுதி, மடிச்சு சொருகிட்டேன்டி. எனக்குத் திரும்பப் பார்க்க தைரியம் வரல." அப்பால மெதுவா, கணக்குல விடை வந்துட்ட மாதிரி சொன்னாங்க. "அப்போ அந்த வருஷம் நான் பாஸ் பண்ணியிருப்பேன்."

நான் போனைக் காதுலயே வச்சுகினு நின்னேன். அவங்களும் வைக்கல.